உதிராத முடி எங்கே போகிறது?

இந்த மாதம் வந்த கடிதங்களில் முக்கால்வாசி பூடில் கலப்பு நாய்களைப் பற்றித்தான். சுருள் முடிப் பூடிலோடு கொக்கர் சேர்ந்தால் கொக்கப்பூ, கவாலியர் சேர்ந்தால் கவாப்பூ, லாப்ரடோர் சேர்ந்தால் லப்ரடூடில், ஷிட்சு சேர்ந்தால் ஷிப்பூ என்று பெயர்களைப் படிக்கவே சிற்றுண்டிக்கடைப் பட்டியல் மாதிரி இருக்கிறது. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒருவருடைய கடிதத்தை மட்டும் எடுத்திருக்கிறேன். மற்றவர்கள் கோபிக்க வேண்டாம்.

அக்கா, வெள்ளவத்தையில் தொடர்மாடியில் நாலாம் மாடியில் இருக்கிறோம். மகனுக்கு ஒன்பது வயது, தொய்வு இருக்கிறது, இன்ஹேலர் பாவிக்கிறான். இரண்டு வருடமாக நாய் வேண்டும் என்று அழுகை. லப்ரடூடில் என்றால் முடி கொட்டாது, அலர்ஜியே வராது என்று குட்டி விற்பவர் சொல்கிறார். என் மச்சாள், இல்லை, கொக்கப்பூதான் பாதுகாப்பு என்கிறாள். யாரை நம்புவது?
— ஒரு தாய், வெள்ளவத்தை

தங்கச்சி, இரண்டு பேரையும் நம்ப வேண்டாம். உங்கள் மகனுக்குத் தொந்தரவு கொடுக்கக்கூடியவை நாயின் எச்சிலிலும் தோலிலிருந்து உதிரும் செதிளிலும் இருக்கும் சில புரதங்கள். முடி அவற்றைச் சுமந்து திரிகிற வண்டி, அவ்வளவுதான். வண்டி ஓடாவிட்டால் சாமானும் வந்து சேராது என்று நினைப்பது நியாயமாகத்தான் படும், நானும் ஒரு காலத்தில் அப்படி நினைத்து நாலு பேருக்குச் சொல்லியும் இருக்கிறேன். அளந்து பார்த்தவர்களுக்கு அப்படிக் கிடைக்கவில்லை. 2012இல் நெதர்லாந்தில், ‘அலர்ஜி தராதவை’ என்று பெயர் எடுத்த லப்ரடூடில், பூடில் போன்றவற்றின் முடியையும் மற்ற நாய்களின் முடியையும் எடுத்து, கேன் எஃப் 1 என்கிற முக்கியமான புரதம் எவ்வளவு இருக்கிறது என்று ஒப்பிட்டார்கள். நல்ல பெயர் எடுத்தவற்றின் முடியில்தான் அது கூடுதலாக இருந்தது! லப்ரடூடில் வளர்க்கும் வீடுகளின் தரைத் தூசியில் கொஞ்சம் குறைவு, அதையும் சொல்ல வேண்டும். ஆனால் காற்றில் வித்தியாசம் இல்லை, தொய்வுக்காரப் பிள்ளை உள்ளே இழுப்பது காற்றைத்தானே. அதற்கு முந்திய வருடம் அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் 173 வீடுகளின் தூசியைச் சோதித்தவர்களும், நாயின் இனத்தை வைத்து வித்தியாசம் எதையும் காணவில்லை.

லப்ரடூடில் பிறந்த கதையே விற்பவருக்கு எதிரான சாட்சி. 1980களின் கடைசியில், ஹவாயில் இருந்த பார்வை குறைந்த ஒரு பெண்ணுக்கு வழிகாட்டி நாய் தேவைப்பட்டது, அவருடைய கணவருக்கோ நாய் ஒத்துக்கொள்ளாது. அவுஸ்திரேலியாவின் வழிகாட்டி நாய்ச் சங்கத்தில் நாய்களைப் பெருக்கும் பொறுப்பில் இருந்த வாலி கான்ரன், லாப்ரடோரையும் பெரிய பூடிலையும் சேர்த்துப் பார்த்தார். மூன்று குட்டிகள். மூன்றின் முடியும் எச்சிலும் ஹவாய்க்குப் போயின, அந்தக் கணவருக்கு ஒத்துக்கொண்டது ஒன்றே ஒன்று. ஒரே தாய், ஒரே தகப்பன், ஒரே ஈத்து, அதிலேயே இரண்டு தோல்வி. அந்த ஒரு குட்டியை வைத்துத்தான் இன்றுவரை வியாபாரம் நடக்கிறது. பின்னாளில் கான்ரனே தான் தொடக்கிவைத்த வேலைக்காக வருந்துவதாக வெளிப்படையாகச் சொன்னார்.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? முதலில் மகனைப் பார்க்கிற டொக்டரிடம் கேட்டு ஒவ்வாமைச் சோதனை செய்யுங்கள். கொழும்பின் ஈரத்துக்கு மெத்தையிலும் தலையணையிலும் பெருகுகிற தூசிப் பூச்சிதான் பல பிள்ளைகளுக்கு எதிரி, நாய் வருவதற்கு முன்பே வீட்டில் குடியிருக்கிற எதிரி. நாய்தான் பிரச்சினை என்று தெரிந்தாலும் இன்னொன்று இருக்கிறது: ஆண் நாய்களின் புரோஸ்டேட்டில் உண்டாகும் ஒரு புரதம் மட்டுமே சிலருக்கு ஒத்துக்கொள்ளாது, அப்படிப்பட்டவர்கள் பெண் நாயோடு சமாளித்துவிடுவார்கள். அதைப் பிரித்துக் காட்டும் இரத்தச் சோதனை உண்டு, அதையும் கேட்டு வையுங்கள். அப்புறம், நீங்கள் எடுக்கப்போகிற அதே நாயோடு, அது இருக்கிற வீட்டிலேயே, மகன் அரை நாள் விளையாடட்டும். ஒரு தடவை போதாது, நாலைந்து தடவை. கடையில் ஐந்து நிமிடம் தூக்கி வைத்திருந்தான், தும்மவில்லை என்பதெல்லாம் சோதனையில் சேராது. தொய்வு அடங்காமல் இருக்கிற காலத்தில் நாய் வேண்டவே வேண்டாம். அழுதால் அழட்டும்.

முடியே கொட்டாது, வேலையே இல்லை என்று சொல்லித்தான் கவாப்பூ தந்தார்கள். இப்போது பதினொரு மாதம். போன கிழமை முடி வெட்டக் கொண்டுபோனால் முழுதாக வழித்துவிட்டார்கள், உரித்த கோழி மாதிரி நிற்கிறது. அடியில் சடை பிடித்திருந்ததாம். மேலே பார்க்க நன்றாகத்தானே இருந்தது?
— வாசகி, பம்பலப்பிட்டி

உரித்த கோழி என்று படித்ததும் சிரித்துவிட்டேன், மன்னியுங்கள். வழித்தவர் மேல் கோபப்படாதீர்கள், அவர் செய்தது சரி. இறுகிப்போன சடையைச் சீப்பால் பிரிப்பது அந்தப் பிராணிக்குச் சித்திரவதை.

கொட்டாத முடி எங்கே போகும் என்று வாங்குகிற நேரத்தில் யாரும் கேட்பதில்லை. லாப்ரடோரின் முடி கதிரையில் விழும், சேலையில் ஒட்டும், சில நாள் சோற்றிலும் வரும். பூடில் கலப்பில் கழன்ற முடி கீழே விழாமல் பக்கத்துச் சுருளில் மாட்டிக்கொண்டு அங்கேயே நிற்கும். அதற்குள்ளே புது முடி வளர்ந்து பின்னிக்கொள்ளும், ஈரம் பட்டால் இறுகும். வீட்டைக் கூட்டுகிற வேலை குறைந்தது உண்மை. அந்த வேலை அப்படியே நாயின் முதுகுக்கு இடம் மாறியிருக்கிறது. அதிலும் எட்டு மாதத்திலிருந்து ஒரு வயது வரை குட்டி முடி போய் வளர்ந்த முடி வருகிற காலம், சடை பிடிப்பதற்கு அதைவிட மோசமான காலம் கிடையாது. மேலாகத் தடவிச் சீவினால் வெளியே பஞ்சு, அடியில் கம்பளி.

என் குற்றம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தங்கை குடும்பம் வெளிநாடு போன இரண்டு கிழமை அவர்களுடைய கொக்கப்பூ என் பொறுப்பில் இருந்தது. ஒக்டோபர் மாதம், தினமும் பின்னேரம் மழை. மார்புப் பட்டியைக் கழற்றிக் கழற்றி மாட்ட அலுப்புப்பட்டு அப்படியே விட்டுவிட்டேன், நனைந்து வந்தால் துவாயால் துடைத்ததோடு சரி. தங்கை வந்து பார்த்தால் இரண்டு கக்கத்திலும் தேங்காய்த் தும்பு உருட்டி வைத்த மாதிரி. வெட்டி எடுத்தபோது அடியில் தோல் சிவந்து கசிந்து நாற்றமடித்தது. இத்தனை வருடம் நாயோடு இருந்து, ஊருக்கெல்லாம் புத்தி சொல்லுகிறவள் நான்! தங்கை இன்னும் அதைச் சொல்லிக்காட்டுகிறாள்.

ஆகவே இப்போதிருந்தே பழக்குங்கள், முடி குட்டையாக இருப்பது வசதி. பிள்ளைக்குப் பேன் பார்க்கிற மாதிரி வகிடு எடுத்து, தோல் தெரிகிற இடத்திலிருந்து நுனி வரை, உலோகச் சீப்பால். முதுகில் சடை குறைவாகத்தான் வரும். காதுக்குப் பின்னால், கக்கம், கழுத்துப் பட்டிக்கு அடியில், பின்னங்கால்களுக்கு நடுவில், இந்த இடங்கள்தான் முக்கியம். ஒன்றுவிட்ட ஒரு நாள் பத்து நிமிடம் போதும். குளிக்க வார்ப்பதற்கு முன்னால் சிக்கெடுக்க வேண்டும், பின்னால் எடுக்கலாம் என்று விட்டால் சிக்கு இறுகிவிடும். வார்த்த பிறகு அடித்தோல் வரை காய வைக்காவிட்டால் இங்கே இருக்கிற வெக்கைக்கும் ஈரத்துக்கும் பங்கசு வந்துவிடும். ஆறிலிருந்து எட்டுக் கிழமைக்கு ஒரு தடவை வெட்டுக்கூலி, அதையும் மாதச் செலவில் எழுதிக்கொள்ளுங்கள். இன்னொன்று, அடர்ந்த முடிக்குள் உண்ணி ஏறினால் கண்ணுக்குத் தெரியாது, விரலால் தடவித்தான் பிடிக்க வேண்டும். உண்ணிக் காய்ச்சல் வந்த நாயைப் பார்த்தவர்களுக்கு நான் ஏன் இதைச் சொல்கிறேன் என்று விளங்கும்.

எஃப்1, எஃப்1பி, எஃப்2 என்று ஏதேதோ சொல்லி, எஃப்1பி குட்டிக்கு மட்டும் அறுபதாயிரம் ரூபா கூடக் கேட்கிறார்கள். சான்றிதழும் தருவார்களாம். இது உண்மையா, அல்லது காசு பிடுங்குகிற வழியா?
— கொட்டாஞ்சேனைத் தம்பி

கணக்கு உண்மைதான் தம்பி. லாப்ரடோரும் பூடிலும் சேர்ந்தால் எஃப்1. அந்த எஃப்1ஐத் திரும்பப் பூடிலோடு சேர்த்தால் எஃப்1பி, முக்கால் பங்கு பூடில். எஃப்1 இரண்டைச் சேர்த்தால் எஃப்2.

பூடிலின் மீசை, தாடி, புருவம், இவற்றைத் தருவது ஒரு மரபணு. ஒரு பிரதி இருந்தாலே மீசை வந்துவிடும். எஃப்1 குட்டிகள் எல்லாவற்றுக்கும் பூடில் பக்கத்திலிருந்து ஒரு பிரதி கிடைப்பதால் எல்லாம் மீசைக்காரர்கள். எஃப்2இல் சராசரியாக நாலில் ஒன்றுக்கு அது கிடைக்காது, முகம் லாப்ரடோர் மாதிரி மொழுமொழுவென்று வரும், முடியும் நன்றாகக் கொட்டும். எஃப்1பியில் அந்தப் பயம் இல்லை. முடி நீளத்துக்கு வேறு மரபணு, சுருளுக்கு வேறு. 2009இல் வெளியான ஓர் ஆய்வு, நாய்களின் முடி வகைகளில் பெரும்பாலானவற்றை இந்த மூன்று மரபணுக்களின் சேர்க்கையே விளக்கிவிடும் என்று காட்டியது. ஆகவே முடி விஷயத்தில் எஃப்1பிக்குக் கூடக் கேட்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. அலர்ஜிக்கு என்று கேட்டால் நியாயம் இல்லை. அறுபதாயிரம் கொடுத்து நீங்கள் வாங்குவது இன்னும் கூடச் சுருள், அதாவது இன்னும் கூடச் சீப்பு வேலை.

ஷிப்பூவுக்கு இந்தக் குழப்பமே கிடையாது. ஷிட்சுவும் தாடிக்காரன், பூடிலும் தாடிக்காரன், இரண்டுக்கும் வளர்ந்துகொண்டே போகிற நீள முடி, குட்டி வேறு எப்படி வரும்?

சான்றிதழ் பற்றி. பெரிய நாயினச் சங்கங்கள் எதுவும் லப்ரடூடிலை ஓர் இனமாகப் பதிவதில்லை. குட்டிக்குத் தருகிற காகிதம் கலியாண அழைப்பிதழ் மாதிரி, யாரும் அச்சடிக்கலாம். தாயினதும் தகப்பனினதும் பதிவையும், இடுப்பு, கண் சோதித்த அறிக்கையையும் கேளுங்கள். கலப்பு என்றாலே நோய் வராது என்பதையும் நம்ப வேண்டாம். லண்டன் ராயல் வெட்டரினரி கல்லூரிக்காரர்கள் 2024இல் கொக்கப்பூ, கவாப்பூ, லப்ரடூடில் மூன்றையும் அவற்றின் தாய் தகப்பன் இனங்களோடு 57 நோய்களுக்கு ஒப்பிட்டார்கள், நூற்றுக்கு 86 ஒப்பீடுகளில் வித்தியாசமே இல்லை.

முடியை விடுங்கள். குணத்தில் எது நல்லது? எங்கள் வீட்டில் எழுபது வயது அம்மா, ஆறு வயது மகள், கணவனும் நானும் பகலில் வேலைக்குப் போகிறோம்.
— தெஹிவளை

‘லாப்ரடோரின் பொறுமை, பூடிலின் மூளை’ என்று விளம்பரம் செய்கிறார்களே, தேயிலைச் சாயத்தில் பால் விட்ட மாதிரி குணம் சமமாகக் கலக்காது. ஒரே ஈத்தில் ஒன்று லாப்ரடோரின் சாப்பாட்டு ஆசையும் பூடிலின் பயந்த சுபாவமுமாக வரலாம், இன்னொன்று மறுபக்கமாக. விற்பவர் எப்போதும் இரண்டு பக்கத்து நல்லதையும் மட்டும் கூட்டிச் சொல்கிறார், கலியாணத் தரகர் மாதிரி.

இனம் தெரிந்தால் குணம் தெரியும் என்பதிலேயே ஓட்டை இருக்கிறது. 18,000க்கு மேற்பட்ட நாய்களின் சொந்தக்காரர்களிடம் கேட்டு 2022இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வில், ஒரு நாய்க்கும் இன்னொரு நாய்க்கும் இடையிலான குண வித்தியாசத்தில் இனத்தால் விளக்கக்கூடியது ஏறத்தாழ 9 வீதம் மட்டும்தான் என்று வந்தது. அதற்காக எல்லாம் ஒன்று என்று சொல்ல மாட்டேன். பூடில் அழகுப் பொம்மை இல்லை, தண்ணீரில் விழுந்த வாத்தை நீந்திப்போய் எடுத்து வர வளர்க்கப்பட்ட வேட்டை நாய். கொக்கர் புதருக்குள் புகுந்து பறவையைக் கிளப்புகிற நாய். இரண்டு வேட்டைக்காரர்களைச் சேர்த்துத் தொடர்மாடியில் பகல் முழுக்கப் பூட்டி வைத்தால் செருப்பு மிஞ்சாது, லிஃப்ட் சத்தத்துக்கெல்லாம் குரைத்துப் பக்கத்து வீட்டுக்காரரோடு சண்டையும் வரும். பெரிய பூடிலுக்குப் பிறந்த லப்ரடூடில் இருபத்தைந்து, முப்பது கிலோ வரும், அன்பாகத்தான் பாயும், ஆனால் அம்மா விழுந்துவிடுவார். மூன்றில் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும் என்றால், மடி நாயாகவே வளர்க்கப்பட்ட கவாலியர் பக்கம் போகிற கவாப்பூவைச் சொல்வேன். கவாலியருக்கு இதய வால்வு நோய் பரம்பரையாக வருவது அதிகம், தாயின் இதயத்தை மிருக வைத்தியர் பார்த்தாரா என்று கேட்காமல் முற்பணம் கொடுக்காதீர்கள்.

எதுவானாலும் தாய் நாயைப் பார்க்கக் கேளுங்கள். நீங்கள் உள்ளே போகும்போது அது வாலாட்டி வருகிறதா, கதிரைக்கு அடியில் ஒளிகிறதா? ஒரு சாவிக்கொத்தைக் கீழே போட்டுப் பாருங்கள். குட்டி திடுக்கிட்டால் பரவாயில்லை, அரை நிமிடத்தில் திரும்பி வந்து மணந்து பார்க்க வேண்டும். கொழும்பில் வருடப் பிறப்புக்கும் வெடி, டிசம்பர் 31க்கும் வெடி, கிரிக்கெட்டில் வென்றால் அதற்கும் வெடி, பயந்த நாய் பாவம். தாயைக் காட்ட முடியாது, வத்தளைச் சந்தியில் குட்டியைக் கொண்டுவந்து தருகிறேன் என்றால் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள்.

ஏப்ரல் வெக்கைக்குப் பூடில் கலப்பை ஒட்ட வெட்டலாமா? எங்கள் வீட்டு பொமரேனியனையும் சேர்த்து வெட்டலாமா?
— மட்டக்குளி

பூடில் முடியைக் குட்டையாக வெட்டலாம், தோல் தெரிய வழிக்காமல் விரல் தடிப்புக்கு விடுங்கள். பொமரேனியனை வெட்டாதீர்கள், அதற்கு இரட்டை முடி, மேலே நீள முடி, அடியில் பஞ்சு முடி, வெட்டினால் சில நாய்களுக்கு ஒழுங்காகத் திரும்பி வளராது.

எங்கள் ஒழுங்கையில் கட்டாக்காலி நாய் ஐந்து குட்டி போட்டிருக்கிறது. ஒன்றுக்கு மட்டும் சுருள் முடி, மீசையும் இருக்கிறது. பூடில் கலப்பாக இருக்குமா? எடுத்து வளர்க்க ஆசை.
— கிருலப்பனை

இருக்கலாம், மீசை சும்மா வராது, ஒழுங்கையில் எந்த வீட்டு மீசைக்காரர் படலையைத் திறந்துகொண்டு வெளியே போனார் என்று விசாரியுங்கள். எடுங்கள். குட்டி பால் மறக்கும் வரை தாயோடு விட்டு, பிறகு பூச்சி மருந்து, விசர்நாய்த் தடுப்பூசி, மாநகர சபைப் பதிவு. தாயையும் பிடித்துக் கருத்தடை செய்ய முடிந்தால் இன்னும் நல்லது. சீப்பு ஒன்று வாங்கி வையுங்கள். பெயர் என்ன வைத்தீர்கள் என்று எழுதவே இல்லையே?