குழந்தை பேசவில்லையா? முதலில் காது, பிறகுதான் நாக்கு

பேச்சுப் பயிற்சியாளரான எனக்கு, குழந்தைகளின் பேச்சு பற்றிக் கேட்டு இந்த முறை நாற்பது கடிதங்கள் வரை வந்திருக்கின்றன. அதில் பத்துக்கும் மேற்பட்டவற்றில் குழந்தையின் வயதே இல்லை. 18 மாதத்தில் கவலைப்பட வேண்டாத ஒன்று, 3 வயதில் உடனே கவனிக்க வேண்டியதாகிவிடும். வயதை மாதக் கணக்கில் எழுதுங்கள். காது பரிசோதித்தாயிற்றா என்பதையும் எழுதுங்கள். இந்த இரண்டும் இல்லாவிட்டால் என் பதில் குத்துமதிப்பாகத்தான் இருக்கும். உங்கள் குழந்தை விஷயத்தில் குத்துமதிப்பு கூடாது.

மகனுக்கு 22 மாதம். ‘அம்மா’, ‘தா’, ‘பூ’ என்று நான்கைந்து சொற்கள்தான். நாங்கள் சொல்வதெல்லாம் புரிகிறது. வேண்டியதைக் கைகாட்டிக் கேட்கிறான். இன்னும் காத்திருக்கலாமா? — தாய், பாலக்கோடு

புரிந்துகொள்வதும் கைகாட்டுவதும் நல்ல அறிகுறிகள். ஆனாலும் 2 வயதை எட்டும்போது ஏறக்குறைய 50 சொற்கள் வேண்டும்; ‘பால் தா’, ‘அம்மா வா’ என்று இரண்டிரண்டாகச் சேர்த்துச் சொல்லவும் தொடங்கியிருக்க வேண்டும். அதனால் சும்மா காத்திருக்காதீர்கள். காதைப் பரிசோதியுங்கள், பேச்சுப் பயிற்சியாளர் ஒருவரிடமும் காட்டுங்கள்.

வீட்டில் இன்றே தொடங்கலாம். உங்கள் பக்கம் தக்காளிக்குக் குறைவில்லை. ஒரு கூடையை நடுவில் வைத்து எதிரெதிரே உட்காருங்கள். ஒரு பழத்தை எடுத்து, ‘தக்காளி... போடு’ என்று சொல்லிப் போடுங்கள். நான்கைந்து முறை இப்படிச் செய்தபின், அடுத்த பழத்தைக் கூடைக்கு மேலே பிடித்துக்கொண்டு, எதுவும் பேசாமல் அவன் முகத்தைப் பாருங்கள். மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். பெரும்பாலான பெற்றோர் இரண்டு எண்ணுவதற்குள் பொறுக்காமல் தாங்களே சொல்லிவிடுகிறார்கள். ‘போ’ என்று பாதி வந்தாலும் போதும். ‘ஆமாம், தக்காளி போடு’ என்று ஒரு சொல் கூட்டித் திருப்பிச் சொல்லுங்கள். ‘சொல்லு, சொல்லு’ என்று நச்சரித்தால் இருக்கிற பேச்சும் நின்றுவிடும்.

வசம்பைச் சுட்டுத் தேனில் குழைத்து நாக்கில் தடவினால் பேச்சு வரும் என்கிறார்கள். பேத்திக்கு 10 மாதம். — தாத்தா, அரூர்

வராது. ஒரு வயது நிறையும் வரை தேன் கூடவே கூடாது ஐயா. அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமி கைக்குழந்தையின் குடலில் நஞ்சை உண்டாக்கித் தசைகளைச் செயலிழக்க வைக்கும். பேத்தி ‘பாபாபா’, ‘தாதாதா’ என்று அடுக்கி ஒலி எழுப்புகிறாளா என்று பாருங்கள். இல்லையென்றால் காதைப் பரிசோதியுங்கள்.

பையன் சரியாகப் பேசவில்லை. நல்ல டானிக் பெயர் எழுதவும். — கிருஷ்ணகிரி

வயது இல்லை, காது பற்றி ஒரு சொல் இல்லை, ‘சரியாக’ என்றால் என்னவென்றும் இல்லை. பேச்சை வரவழைக்கும் டானிக் என்று ஒன்று கிடையாது. விற்பவரிடம் பணத்தைக் கொடுத்து ஏமாறாதீர்கள். பையன் பேசும் சொற்களை ஒரு தாளில் எழுதி, வயதோடு மறுபடி அனுப்புங்கள்.

எங்கள் வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ், பக்கத்து வீட்டில் கன்னடம். மகளுக்கு 3 வயது; பேச்சு குறைவு. எல்.கே.ஜி. சேர்க்கப் போன பள்ளியில், “மூன்று மொழி குழந்தையைக் குழப்புகிறது, வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசுங்கள்” என்றார்கள். ஆறு மாதமாக அப்படியே செய்கிறோம். முன்னேற்றம் இல்லை. — பெற்றோர், வேப்பனப்பள்ளி

ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்திலிருந்தும் இதே கேள்வி மாதந்தவறாமல் வருகிறது. ஒவ்வொரு முறையும் மனம் கொதிக்கிறது. இன்றே நிறுத்துங்கள். இன்று இரவு மகளிடம் தெலுங்கில் பேசுங்கள்.

பல மொழிகளைக் கேட்டு வளர்வதால் பேச்சுத் தாமதம் வராது. உலகம் முழுவதும் ஆராய்ந்து பார்த்து ஒப்புக்கொண்ட விஷயம் இது. உண்மையிலேயே தாமதம் இருந்தால், அது எல்லா மொழியிலும் தெரியும். ஒரு மொழியைப் பிடுங்கிவிடுவதால் தீராது. ஒரே வாக்கியத்தில் தெலுங்கும் தமிழும் கலந்து வருவதும் குழப்பமல்ல. கையில் இருக்கிற எல்லாச் சொற்களையும் குழந்தை பயன்படுத்துகிறது, அவ்வளவுதான்.

சில ஆண்டுகளுக்கு முன் உங்கள் மகளைப் போலவே ஒரு குழந்தை என்னிடம் வந்தாள். தாய் அவளிடம் பேசியது ‘கம்’, ‘சிட்’, ‘ஈட்’ என்ற மூன்று கட்டளைகள்தான். அவருக்குத் தெரிந்த ஆங்கிலம் அவ்வளவு. “மூன்று வார்த்தைதான் பேசுகிறாள்” என்று என் படிவத்தில் எழுதியும் தந்தார். வெளியே பெஞ்சில் காத்திருந்த பாட்டி, தண்ணீர் பாட்டிலோடு உள்ளே எட்டிப் பார்த்தார். குழந்தை கையிலிருந்த பொம்மையைப் போட்டுவிட்டு, “அவ்வா, நீள்ளு” (பாட்டி, தண்ணீர்) என்றாள். தெளிவான, இரண்டு சொல் சேர்ந்த வாக்கியம். தெலுங்கைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று நினைத்துத் தாய் அதை எண்ணவே இல்லை. பாட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எண்ணினோம். அறுபது, எழுபது சொற்கள் தேறின. 3 வயதுக்கு அது குறைவுதான், பயிற்சியும் தேவைப்பட்டது. ஆனால் மூன்றிலிருந்து தொடங்குவதும் அறுபதிலிருந்து தொடங்குவதும் ஒன்றா?

நீங்கள் இழந்த ஆறு மாதத்தை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. உங்களுக்குச் சரளமாக வராத மொழியில் கதை சொல்ல முடியாது, கொஞ்ச முடியாது, ஏன் அழுகிறாள் என்று நான்கு விதமாகக் கேட்க முடியாது. பாட்டி வாயே திறக்கக் கூடாது என்றாகிவிடும். குழந்தைக்குப் பேச்சு வருவது இந்தக் கொஞ்சலிலும் கேள்வியிலும்தான். முதல் மொழி வேர் பிடித்தால் தமிழ் தெருவிலிருந்து வரும், ஆங்கிலம் பள்ளியிலிருந்து வரும். என் தொழிலில் இருப்பவர்களிலும் சிலர் ‘ஒரே மொழி பேசுங்கள்’ என்று சொல்லி அனுப்புகிறார்கள். அது தவறு என்று அவர்கள் முகத்துக்கு நேரேயே சொல்லியிருக்கிறேன். உருது பேசும் வீட்டுக்கும் கன்னடம் பேசும் வீட்டுக்கும் இதே பதில்தான். மகளின் சொற்களைத் தெலுங்கு, தமிழ், கன்னடம், ஆங்கிலம் எல்லாம் சேர்த்து எண்ணி எழுதுங்கள். கூடவே, காதைப் பரிசோதியுங்கள்.

மூன்று வயது மகள் காக்காவைத் ‘தாத்தா’ என்கிறாள். வீடே சிரிக்கிறது. — காவேரிப்பட்டினம்

சிரிப்பை நிறுத்துங்கள். விருந்தினர் முன் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லி வேடிக்கை காட்டவும் கூடாது. ‘க’ வரவேண்டிய இடத்தில் ‘த’ வருவது இந்த வயதில் சாதாரணம். ‘ஆமாம், காக்கா பறக்கிறது’ என்று சரியான ஒலியைக் காதில் போட்டுவிட்டு நகருங்கள். 4 வயதிலும் தொடர்ந்தால் அழைத்து வாருங்கள். ர, ற, ழ இன்னும் தாமதமாகத்தான் திருந்தும்.

மூன்றரை வயது மகன் இரண்டு மாதமாக ‘நா... நா... நா... நான்’ என்று திக்குகிறான். நிதானமாகப் பேசு என்று கண்டிக்கிறோம். — தந்தை, ஊத்தங்கரை

கண்டிப்பதை விடுங்கள். 2 முதல் 5 வயதுக்குள் பல குழந்தைகள் இப்படித் திக்குவார்கள். நான்கில் மூன்று பேருக்குத் தானாகவே சரியாகிவிடும். ‘மூச்சு விட்டுப் பேசு’, ‘முதலிலிருந்து சொல்லு’ என்பதெல்லாம் உதவி போலத் தோன்றும். குழந்தையின் காதில் ‘நீ தப்பாகப் பேசுகிறாய்’ என்றுதான் விழும். வேகத்தைக் குறைக்க வேண்டியவர் நீங்கள். அவன் முடிக்கும் வரை முகத்தைப் பார்த்துக் கேளுங்கள், வாக்கியத்தை நீங்கள் முடித்து வைக்காதீர்கள். ஆறு மாதம் தாண்டினாலோ, குடும்பத்தில் வேறு யாருக்காவது திக்கல் இருந்தாலோ, கண்ணை இறுக்கி முகத்தைச் சுளித்துப் பேச்சுக்குப் போராடினாலோ காத்திருக்க வேண்டாம்.

பிள்ளையின் அப்பா அம்மா பெங்களூருவில் கட்டட வேலைக்குப் போய்விட்டார்கள். இரண்டரை வயதுப் பேரன் என்னிடம் இருக்கிறான். போனில் வரும் ஆங்கிலப் பாட்டை முழுதாகப் பாடுகிறான். என்னைப் பாட்டி என்று கூப்பிடுவதில்லை. பெயர் சொல்லி அழைத்தாலும் திரும்புவதில்லை. — பாட்டி, பென்னாகரம்

அம்மா, பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் சொல்லியாவது இதை எழுதி அனுப்பினீர்களே, நல்ல காரியம் செய்தீர்கள். போனில் கேட்டதை அப்படியே ஒப்பிப்பது பேச்சாகாது. பெயர் சொன்னால் திரும்பாதது எனக்குக் கவலை தருகிறது. இந்த மாதமே மாவட்ட அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போய், குழந்தைகளின் வளர்ச்சிக் குறைகளைக் கவனிக்கும் ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையம் எங்கே என்று கேளுங்கள். பிறந்த குழந்தை முதல் 18 வயது வரை பார்ப்பார்கள், கட்டணம் இல்லை. முதலில் காது, அடுத்து வளர்ச்சிப் பரிசோதனை.

போனை மெல்ல ஒதுக்குங்கள். 2 முதல் 4 வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது. அதற்கும் கீழே இருந்தால் இன்னும் நல்லது. களி கிளறும்போது அவனைப் பக்கத்தில், அடுப்புக்கு எட்டாத தூரத்தில் உட்கார வைத்து, செய்வதையெல்லாம் சொல்லிக்கொண்டே செய்யுங்கள்: ‘மாவு போடுகிறேன், கிளறுகிறேன், சூடு, ஊது.’ உங்கள் மேல் தவறு எதுவும் இல்லை.

நாக்கின் அடியில் சவ்வு ஒட்டியிருக்கிறது, வெட்டினால் பேசிவிடுவான் என்கிறார்கள். இரண்டு வயது. — பர்கூர்

அந்தச் சவ்வு சில எழுத்துகளின் உச்சரிப்பைக் கெடுக்கலாம். பேச்சே வராமல் போவதற்கு அது காரணமல்ல. வெட்டுவதற்கு முன் காதைப் பரிசோதியுங்கள்.

மையம் ஒன்றில், ஆறு மாதத்தில் பேச வைப்போம் என்று உத்தரவாதம் தருகிறார்கள். சேரலாமா? — ஓசூர்

உத்தரவாதம் தருபவரிடம் போகாதீர்கள். பேச்சுப் பயிற்சியாளர்களைப் பதிவு செய்யும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு எண்ணைக் கேளுங்கள். பயிற்சியின்போது உங்களை உள்ளே உட்கார விடாத இடமும் வேண்டாம். பயிற்சியாளர் வாரத்துக்கு ஒன்றிரண்டு மணி நேரம்தான் குழந்தையோடு இருப்பார். மற்ற நூற்று அறுபதுக்கும் மேற்பட்ட மணி நேரமும் நீங்கள்தான்.

காது நன்றாகக் கேட்கிறது. பாத்திரம் விழுந்தால் திரும்புகிறான். ஒன்றரை வயது, ஒரு சொல்லும் இல்லை. நாங்கள் அத்தை மகன், மாமன் மகள். — பாப்பிரெட்டிப்பட்டி

பாத்திரம் விழுவது பெரிய சத்தம். அது கேட்கிற குழந்தைக்கு, இரண்டடி தள்ளி நீங்கள் பேசும் ‘ச’, ‘த’, ‘ப’ கேட்காமல் இருக்கலாம். அரைகுறையாகக் கேட்கும் காதுதான் பெற்றோரை அதிகம் ஏமாற்றும். சொந்தத்தில் திருமணம் செய்தவர்களின் குழந்தைகளுக்குப் பிறவியிலேயே காது கேளாமை வரும் வாய்ப்பு கூடுதல். யாரையும் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. தள்ளிப்போடாதீர்கள் என்பதற்காக எழுதுகிறேன். ஒலி காதிலிருந்து மூளைக்குப் போய்ச் சேருகிறதா என்று பார்க்கும் பெரா (BERA) பரிசோதனை செய்யுங்கள். குழந்தை தூங்கும்போது நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் கம்பிகளை ஒட்டி எடுப்பார்கள், வலிக்காது. முறைப்படி பார்த்தால், பிறந்த 1 மாதத்துக்குள் முதல் சோதனை, 3 மாதத்துக்குள் உறுதி செய்தல், 6 மாதத்துக்குள் கருவியும் பயிற்சியும் என்று நடந்திருக்க வேண்டும். கேட்கும் கருவி போதாது என்றால், உள்காதில் கருவி பொருத்தும் காக்ளியர் அறுவை சிகிச்சை இருக்கிறது. தமிழக முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு அதைச் செய்கிறார்கள். ஆனால் 6 வயது வரை நேரம் இருக்கிறது என்று எண்ணிவிடாதீர்கள். ஒவ்வொரு மாதமும் மூளை கேட்கப் பழகும் காலம் குறைகிறது.

மகள் 15 மாதத்தில் பத்துச் சொல் பேசினாள். இப்போது 20 மாதம், எல்லாம் நின்றுவிட்டது. கண்ணேறு என்று சொல்லி, மொட்டை அடித்ததும் பார்க்கலாம் என்கிறார் மாமியார். — தருமபுரி

வந்த பேச்சு நின்றால், எந்த வயதானாலும் அந்த வாரமே குழந்தை மருத்துவரைப் பார்க்க வேண்டும். மொட்டையை எப்போது வேண்டுமானாலும் அடிக்கலாம். திங்கட்கிழமை காலை புறநோயாளிகள் பிரிவுக்குப் போங்கள். அவள் பேசிய அந்தப் பத்துச் சொற்களையும், எது எப்போது நின்றது என்பதையும் எழுதி எடுத்துச் செல்லுங்கள். பேசிய காலத்து வீடியோ போனில் இருந்தால் அதையும் காட்டுங்கள். மாமியாரையும் உடன் அழைத்துப் போங்கள். மருத்துவர் சொல்வதை அவரும் நேரில் கேட்கட்டும்.