வாசகர் கேள்வி – பதில்: சார்ஜ் செய்யத் தேவையில்லாத ஹைபிரிட் கார்

கேள்வி: பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்து இயக்கும் ஹைபிரிட் காரைச் சார்ஜ் செய்யவே வேண்டாம் என்கிறார்களே, அதன் மோட்டாருக்கு மின்சாரம் எங்கிருந்து கிடைக்கிறது? ஓட்டும்போது வித்தியாசம் தெரியுமா?

பதில்: எல்லாம் பெட்ரோலிலிருந்துதான். சாதாரண காரில் பிரேக் பிடிக்கும்போது வெப்பமாக வீணாகும் இயக்க ஆற்றலில் ஒரு பகுதியை, சக்கரங்களால் சுழற்றப்படும் மோட்டாரே ஜெனரேட்டராக மாறி மின்சாரமாக்கிப் பேட்டரியில் சேமிக்கிறது; அது போதாதபோது எஞ்சினும் கைகொடுக்கிறது. 1997இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த டொயோட்டா பிரியஸ் காரில், எஞ்சின், ஜெனரேட்டர், மோட்டார் ஆகிய மூன்றையும் ஒரு கோள் பற்சக்கரத் தொகுதி (நடுவிலுள்ள பற்சக்கரத்தைச் சிறு பற்சக்கரங்கள் கோள்களைப் போலச் சுற்றிவரும் அமைப்பு) இணைத்ததால், வழக்கமான கியர்பாக்ஸுக்கே வேலையில்லாமல் போயிற்று.

வித்தியாசம் நன்றாகவே தெரியும். புறப்படும்போது பெரும்பாலும் மோட்டார் மட்டுமே இழுப்பதால் எஞ்சின் சத்தமே இருக்காது (பாதசாரிகளுக்கு அது ஆபத்து என்பதால், செயற்கை ஒலி எழுப்பும் கருவியை இப்போது பொருத்துகிறார்கள்). ஆனால் மேட்டில் ஆக்சிலரேட்டரை அழுத்தினால், வேகம் கூடுவதற்கு முன்பே எஞ்சின் ஒரே சுருதியில் இரைவது, கியர் மாற்றிப் பழகியவர்களுக்குச் சற்று எரிச்சலூட்டும். நின்று நின்று செல்லும் நகரச் சாலையில் எரிபொருள் கணிசமாக மிச்சமாகும். ஒரே வேகத்தில் விரையும் நெடுஞ்சாலையில், பிரேக்குக்கு வேலை குறைவு என்பதால், அந்த ஆதாயம் சுருங்கிவிடும்.