போதகராக அழைப்பு வந்திருப்பதை எப்படி அறிந்தீர்கள்? குரல் ஏதாவது கேட்டதா?

கேட்டது. வானத்திலிருந்து அல்ல, எங்கள் ஊர்ச் சபையில் குருவுக்கு உதவியாக ஊழியம் செய்த உபதேசியாரின் மூச்சிரைக்கும் தொண்டையிலிருந்து.

திருச்செந்தூர்ப் பக்கம், செம்மணல் தேரிக்காட்டு ஓரத்தில் எங்கள் கிராமம். அப்போது எனக்கு இருபத்தாறு வயது. ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர். சேகரத்தில், அதாவது ஒரே போதகரின் பொறுப்பிலுள்ள சபைகளின் தொகுதியில், ஒன்பது ஊர்கள்; சேகரகுரு ஒருவர்தான். அவரை ஐயர் என்போம். ஐயர் மாதத்தில் ஒரு ஞாயிறு எங்கள் ஊருக்கு வந்தால் பெரிய காரியம். மற்ற நாளெல்லாம் உபதேசியார்தான் எல்லாம்.

ஒரு பங்குனியில் பனையேறி ஒருவர் மரத்திலிருந்து விழுந்து இறந்துபோனார். ஐயர் வேறொரு ஊரில் கல்யாண ஆராதனையில் இருந்தார். கொளுத்தும் வெயிலில் எவ்வளவு நேரம் காத்திருப்பது? கல்லறைத் தோட்டத்தில் உபதேசியாருக்கு மூச்சு இழுப்பு கண்டுவிட்டது. பாதி ஜெபத்தில் புத்தகத்தை என் கையில் திணித்தார். நான் பக்கத்தில் நின்றேன் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இல்லை. நாக்குக் குழற வாசித்து முடித்தேன்.

ஒரு வாரம் கழித்து இறந்தவரின் மனைவி வழியில் நிறுத்தினார். "தம்பி, அன்றைக்கு வாசித்தாயே, அதை வீட்டுக்கு வந்து இன்னொரு தடவை வாசி. அழுகையில் ஒன்றும் காதில் விழவில்லை." போனேன். சுவர் ஆணியில் அரிவாள்பெட்டி தொங்கியது. உள்ளே பனம்பாளை சீவும் அரிவாள் புதிதாகத் தீட்டி வைத்ததுபோல் மின்னியது. இனி யாருக்காக என்று கேட்க வாய் வரவில்லை. வாசித்துவிட்டு வந்தேன். மறு வாரமும் கூப்பிட்டார். அதற்கு மறு வாரமும்.

மூன்றாம் முறை திரும்பும்போது உபதேசியார் திண்ணையில் இருந்தபடி சொன்னார்: "சாமுவேல் மூன்று தடவைதான் ஏலியிடம் ஓடினான். நீ எத்தனை தடவை ஓடப்போகிறாய்?"

வேதாகமத்தின் அந்தக் கதையில், இரவில் தன்னைக் கூப்பிட்டது ஆசாரியர் ஏலி என்று நினைத்து ஓடிய சிறுவனைப் பற்றியே எல்லோரும் பேசுவார்கள். கூப்பிடுவது ஆண்டவர் என்று கண்டுகொண்டவர் கண் மங்கிய ஏலி. கூப்பிடப்பட்டவனுக்குத் தெரியவில்லை.

எங்கள் பக்கத்து வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியாவை நினைத்துக்கொள்வேன். 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர், அதன் செயலாளர். தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல் ஊழியத்துக்குப் பிறரை அனுப்பிக்கொண்டிருந்தவர், 1909இல் குருப்பட்டம் பெற்றுத் தானே கிளம்பிவிட்டார். 1912இல் இந்தியரில் முதல் ஆங்கிலிக்கன் பேராயர் ஆனார். அவருக்கு அழைப்பு அவர் வாயாலேயே வந்தது என்பது என் எண்ணம்.

பிறகு எனக்கு நடந்ததெல்லாம் சாதாரண நடைமுறைதான்: சேகரக் கமிட்டியின் பரிந்துரை, பல சேகரங்கள் அடங்கிய திருமண்டலத்தின் நேர்முகம், மதுரை அரசரடியில் இறையியல் படிப்பு. எபிரெய வினைச்சொற்கள் என் பொறுமையைச் சோதித்தன. விசுவாசத்தைச் சோதித்தது வேறு. வேதாகமத்தின் முதல் ஐந்து நூல்களான ஐந்தாகமங்கள் ஒரே கையால் எழுதப்பட்டவை அல்ல என்று வகுப்பில் கேட்ட வாரம் எனக்கு ஜெபம் வரவில்லை. முழங்காலில் நின்று கொசுவை அடித்துக்கொண்டிருந்தேன். அந்தக் கேள்விகள் எல்லாம் தீர்ந்துவிட்டன என்று சொல்லமாட்டேன். சனிக்கிழமை இரவு பிரசங்கம் எழுதும்போது இன்றும் ஒன்றிரண்டு எதிரில் வந்து உட்காரும்.

முதலில் உதவிகுருவான டீக்கன், பிறகு குரு என்று அங்கி போட்டுப் பதினெட்டு ஆண்டுகள் ஆகின்றன. ஐந்து குருமனைகள் மாறிவிட்டேன். மகள் ஐந்து பள்ளிக்கூடங்கள் பார்த்துவிட்டாள். சபைத் தேர்தல் காலத்தில் ஐயர் எந்த அணி என்பதுதான் பேச்சு. பிரசங்கம் யார் காதிலும் ஏறாது. அதைப் பற்றி இங்கே அதிகம் எழுதினால் அடுத்த மாற்றல் எங்கே என்று தெரியாது.

நீங்களும் யோசித்துக்கொண்டிருந்தால் உங்கள் ஐயரோடு ஒரு மாதம் ஆஸ்பத்திரிக்கும் துக்க வீடுகளுக்கும் போய்ப் பாருங்கள். வீட்டிலும் முதலிலேயே பேசிவிடுங்கள். நான் விட்டுவந்த நாற்காலியில் இப்போது இருப்பவருக்கு என்ன சம்பளம் என்று என் அம்மா இன்றுவரை விசாரித்துக்கொண்டிருக்கிறார்.