பள்ளிப் பிள்ளைகளின் தொண்டையில் ஸ்ட்ரெப் கிருமி: கேள்விகளும் ஒரு குழந்தை மருத்துவரின் பதில்களும்

கவிதா: பையன் மூன்றாம் வகுப்பு. கூடப் படிக்கிற குழந்தைக்கு ஸ்ட்ரெப் தொண்டைப் புண்ணாம். இவன் நன்றாகத்தான் இருக்கிறான், ஸ்வாப் எடுத்துப் பார்க்கட்டுமா டாக்டர்?

வேண்டாம்மா. ஓடியாடி விளையாடுகிற 100 பிள்ளைகளின் தொண்டையைத் துடைத்துப் பார்த்தால் ஏறக்குறைய 12 பேரிடம் இந்த ஸ்ட்ரெப் கிருமி (ஏ பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ்) இருக்கும், பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த சராசரி இது, ஊருக்கு ஊர் மாறும். மாதக்கணக்கில் சும்மா தங்கிவிட்டுப் போய்விடும். இரண்டிலிருந்து ஐந்து நாளுக்குள் காய்ச்சல், தொண்டை வலி வந்தால் மட்டும் காட்டுங்கள்.

செந்தில்: சளித் தொண்டையா ஸ்ட்ரெப்பா, எப்படிக் கண்டுபிடிப்பது?

மூக்கொழுகல், இருமல், குரல் கம்மல் இருந்தால் பெரும்பாலும் வைரஸ், ஆன்டிபயாடிக் தேவையில்லை. இருமலே இல்லாமல் திடீர்க் காய்ச்சல், விழுங்க முடியாத வலி, டான்சிலில் வெள்ளைப் படலம், கழுத்தில் தொட்டால் வலிக்கிற நெறி என்றால் சந்தேகப்பட வேண்டும். தொண்டை வலி என்று வரும் பிள்ளைகளிலேயே மூன்றில் ஒருவருக்குச் சற்று மேல்தான் இந்தக் கிருமி இருக்கிறது.

பர்வீன்: மகளுக்குக் கால் வலி. ரத்தப் பரிசோதனையில் ஏ.எஸ்.ஓ. 400 என்று ரிப்போர்ட் வந்தது. மூன்று வாரத்துக்கு ஒரு பென்சிலின் ஊசி, வருடக்கணக்கில் போடணும் என்கிறார்கள். பயமாக இருக்கிறது.

இந்த ஒரு எண்ணை மட்டும் வைத்து ஊசி ஆரம்பிக்கக் கூடாதும்மா, இதை எவ்வளவு தடவை சொன்னாலும் போதாது. ஏ.எஸ்.ஓ. என்பது உடம்பு முன்பு எப்போதோ அந்தக் கிருமியைச் சந்தித்ததற்கான அடையாளம், மூன்று முதல் ஐந்து வாரத்தில் உச்சத்துக்குப் போய் மாதக்கணக்கில் அப்படியே நிற்கும். லேப் அச்சிடுகிற 200 என்ற எல்லை பள்ளி வயதுக்குப் பொருந்தாது, நோயே இல்லாத பிள்ளைகளும் அதைத் தாண்டுவார்கள். அந்த ஊசி ருமாட்டிக் காய்ச்சலுக்கானது, அதாவது ஸ்ட்ரெப் தொண்டைப் புண்ணுக்குப் பிறகு சிலருக்கு வந்து மூட்டையும் இதயத்தையும் தாக்கும் நோய். அது என்றால் மூட்டு வீங்கும், வலி ஒரு மூட்டிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும், மூச்சு வாங்கும், சில பிள்ளைகளுக்குக் கை கால் தானாக ஆடும். இதில் எது இருந்தாலும் எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுத்து வால்வைப் பார்க்கணும். நோய் உறுதியானவர்களுக்கு அந்த ஊசிதான் இதயத்தைக் காப்பாற்றுகிறது, அவர்கள் ஒன்றைக்கூடத் தவறவிடக் கூடாது. மகளுக்கு இதெல்லாம் இருக்கிறதா என்று முதலில் ஒரு குழந்தை மருத்துவரிடம் நேரில் காட்டுங்கள்.

ரமேஷ்: ஸ்ட்ரெப் தொண்டைக்கு ஆன்டிபயாடிக் கொடுத்தோம், மூன்றாம் நாளே சரியாகிவிட்டது. மருந்தை நிறுத்தலாமா சார்?

கூடாது. 10 நாள் என்று எழுதியிருந்தால் 10 நாளும் கொடுங்கள். மருந்து இல்லாமலும் தொண்டை வலி சில நாளில் அடங்கிவிடும், நாம் மருந்து கொடுப்பதே பின்னால் வரக்கூடிய ருமாட்டிக் காய்ச்சலைத் தடுக்கத்தான். வலி தொடங்கி ஒன்பது நாளுக்குள் ஆரம்பித்தாலும் அந்தப் பாதுகாப்பு கிடைக்கும். இன்றுவரை பென்சிலினுக்கு அடங்காத ஏ பிரிவு ஸ்ட்ரெப் நோயாளிகளிடம் உறுதியாகக் கண்டறியப்படவில்லை, அதனால் விலை கூடின ஆன்டிபயாடிக் கேட்காதீர்கள். பென்சிலின் அலர்ஜி இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

தேவி: பள்ளிக்கு எப்போது அனுப்பலாம்?

மருந்து ஆரம்பித்து ஒரு நாள் முழுதாகப் போகட்டும், காய்ச்சலும் விட்டிருந்தால் அனுப்பலாம். தண்ணீர் பாட்டிலை மட்டும் மற்ற பிள்ளைகளோடு பகிர வேண்டாம் என்று சொல்லி அனுப்புங்கள்.