முதல் பக்கத்தைப் பிள்ளையே படிக்கட்டும்

வாசகர் கேள்வி – பதில்

தொடக்கப்பள்ளி, நடுநிலைப்பள்ளிப் பிள்ளைகளுக்கு எந்தப் புதிய புத்தகங்களை வாங்கலாம் என்பது பற்றிக் கேள்விகளை அனுப்பும்படி சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்தவற்றில் வடசென்னைக் கடிதங்களே மிகுதியாக இருந்ததால், இந்த இதழை அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: என் மகள் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். இன்னும் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்கிறாள். அவள் வயதை அட்டையில் அச்சிட்டிருந்த இரண்டு கதைப் புத்தகங்களை வாங்கிக் கொடுத்தேன். நான்கு பக்கம் தாண்டவில்லை. எப்படித் தேர்ந்தெடுப்பது?
— வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: அட்டையில் உள்ள வயது பதிப்பாளரின் உத்தேசம் மட்டுமே, அம்மா. ஒரே பெஞ்சில் உட்காரும் இரண்டு மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடையே வாசிப்பில் இரண்டு வருட இடைவெளி இருப்பதைப் பள்ளி நூலகத்தைக் கவனித்துக்கொண்ட காலத்தில் நான் ஆண்டுதோறும் பார்த்திருக்கிறேன். ஆகவே மகளை உடன் அழைத்துச் சென்று, முதல் பக்கத்தை அவளையே படிக்கச் சொல்லுங்கள். தெரியாத சொல் வரும்போதெல்லாம் ஒரு விரலை மடக்கட்டும்; பக்கம் முடிவதற்குள் ஐந்து விரலும் மடங்கிவிட்டால், அந்தப் புத்தகத்தை அடுத்த வருடத்துக்கு வைத்துவிட்டு வேறொன்றை எடுங்கள்.

நீங்கள் பார்க்க வேண்டியவையும் சில உண்டு. எழுத்துக் கூட்டும் பிள்ளைகள் பெரும்பாலும் திணறுவது உகர, ஊகார வரிசைகளில்தான், ஏனென்றால் கா, சா, மா என்று ஒரே துணைக்கால் போட்டால் முடிந்துவிடும் வசதி கு, சு, து, மு ஆகியவற்றில் இல்லை, ஒவ்வொன்றுக்கும் வடிவம் தனி. எழுத்து சிறிதாகவும் நெருக்கமாகவும் அச்சான புத்தகத்தில் அந்த வேறுபாடு பிள்ளையின் கண்ணுக்குத் தெரிவதே இல்லை. அதைவிடப் பெரிய தடை, சேர்த்து எழுதும் பழக்கம். "அதைக்கேட்டவுடனெழுந்தோடினான்" என்று பெரியவர்கள் எழுதிவிடுவதை நாம் ஒரே மூச்சில் படித்துவிடுகிறோம். எட்டு வயதுப் பிள்ளைக்கு அது தலையும் வாலும் தெரியாத ஒரு சங்கிலி. "அதைக் கேட்டான். உடனே எழுந்தான். ஓடினான்." என்று பிரித்து எழுதத் தெரிந்தவர்தான் அந்த வயதுக்கான எழுத்தாளர்.

உங்கள் மகளுக்கு இப்போது பக்கத்துக்கு இரண்டு மூன்று வரியும் பெரிய படமும் உள்ள புத்தகங்கள் போதும். பள்ளிக் கல்வித் துறை, வாசிப்பு இயக்கத்துக்காக 'நுழை, நட, ஓடு, பற' என்று நான்கு படிநிலைகளில் சிறு புத்தகங்களை வெளியிட்டு அரசுப் பள்ளிகளுக்கு அனுப்பியிருக்கிறது. அவள் படிப்பது அரசு அல்லது மாநகராட்சிப் பள்ளி என்றால், வகுப்பாசிரியரிடம் கேட்டு 'நுழை'யிலிருந்து தொடங்குங்கள். பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015 முதல் நடத்தும் ஸ்டோரிவீவர் இணையதளத்திலும் தமிழ்க் கதைகள் நிலைவாரியாகக் கிடைக்கின்றன, கட்டணம் இல்லை. கைப்பேசியில் படிப்பதைவிட, பிடித்த ஒரு கதையை அச்செடுத்துத் தைத்துக் கொடுப்பது நல்லது. தனக்கென்று ஒரு புத்தகம் இருப்பது அந்த வயதில் பெரிய விஷயம்.

கேள்வி: எங்கள் பகுதிக் கடைகளில் நீதிக்கதைத் தொகுப்பையும் கோனார் உரையையும் தவிர வேறொன்றும் இல்லை. தமிழில் பிள்ளைகளுக்குப் புதிதாக யார் எழுதுகிறார்கள்?
— வாசகர், ராயபுரம்

பதில்: நிறையப் பேர் எழுதுகிறார்கள். அழ. வள்ளியப்பா, வாண்டுமாமா பெயர்களோடு நம் தலைமுறையின் பட்டியல் நின்றுபோனதால் இவர்கள் கண்ணில் படவில்லை. சாகித்திய அகாதெமி 2010 முதல் வழங்கிவரும் பால சாகித்திய புரஸ்காரத்தின் பட்டியலை ஒரு நுழைவாயிலாகக் கொள்ளலாம். 2020இல் யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்', 2021இல் மு. முருகேஷின் 'அம்மாவுக்கு மகள் சொன்ன உலகின் முதல் கதை', 2022இல் ஜி. மீனாட்சியின் 'மல்லிகாவின் வீடு', 2023இல் உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை', 2024இல் யூமா வாசுகியின் 'தன்வியின் பிறந்தநாள்', 2025இல் விஷ்ணுபுரம் சரவணனின் 'ஒற்றைச் சிறகு ஓவியா' ஆகியவை அவ்விருதைப் பெற்றன. விருது பெற்றது என்பதற்காகவே எல்லாப் பிள்ளைக்கும் பொருந்திவிடாது. விரல் மடக்கும் சோதனை இவற்றுக்கும் உண்டு.

இவற்றில் ஒன்றைத்தான் வாங்க முடியும் என்றால், ஆறாம் வகுப்புக்கு மேல் உள்ள பிள்ளைக்கு 'ஆதனின் பொம்மை'யைச் சொல்வேன். கீழடியைக் களமாகக் கொண்ட நாவல் அது. கீழடியில் கிடைத்த பானை ஓடுகளில் 'ஆதன்' என்ற பெயரைத் தமிழி எழுத்தில் பொறித்திருக்கிறார்கள். பாடப் புத்தகத்தில் ஒரு மதிப்பெண் கேள்வியாக வந்துபோகும் ஊர், கதையில் வரும்போது பிள்ளைகள் அங்கே போக வேண்டும் என்று கேட்கத் தொடங்குகிறார்கள். கீழடி தொலைவு என்றால், ஆதிச்சநல்லூரில் தோண்டி எடுத்த பொருள்கள் எழும்பூர் அருங்காட்சியகத்திலேயே இருக்கின்றன. புத்தகத்தை முடித்த வாரமே அழைத்துப் போங்கள்.

கடைகளைப் பொறுத்தவரை, வானம் பதிப்பகமும் பாரதி புத்தகாலயத்தின் புக்ஸ் ஃபார் சில்ரனும் சிறார் நூல்களைத் தொடர்ந்து வெளியிடுகின்றன. புத்தகக் காட்சியின்போது வண்ணாரப்பேட்டையிலோ புது வண்ணாரப்பேட்டையிலோ மெட்ரோ ஏறினால், வண்டி மாறாமல் நந்தனத்தில் இறங்கிவிடலாம். பிள்ளையின் கையில் ஒரு தொகையைக் கொடுத்து, தேர்வை அதனிடமே விட்டுவிடுங்கள்.

கேள்வி: நான் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். ஐந்தாம் வகுப்பு மகன் ஆங்கிலவழியில் படிக்கிறான். தமிழ் பேசுவான், படிக்கக் கூப்பிட்டால் ஓடிவிடுகிறான்.
— வாசகர், பெரம்பூர்

பதில்: ஓடுபவனை உட்கார வைக்க வேண்டாம், ஐயா, முதலில் நீங்கள் படியுங்கள், அவன் கேட்கட்டும். இது புதிய புத்தகம் இல்லை என்றாலும் உங்கள் வீட்டுக்கென்றே எழுதியது போன்ற ஒன்றைச் சொல்கிறேன். ஜப்பானிய எழுத்தாளர் தெத்சுகோ குரோயாநாகியின் 'டோட்டோ-சான்: ஜன்னலில் ஒரு சிறுமி', நேஷனல் புக் டிரஸ்ட் வெளியீடாகத் தமிழில் கிடைக்கிறது. அதில் வரும் பள்ளியின் வகுப்பறைகள், ஓடி ஓய்ந்த ரயில் பெட்டிகள். பெட்டி செய்யும் அப்பாவின் குரலில் அதைக் கேட்கும் பிள்ளைக்கு உங்களிடம் கேட்க எத்தனையோ இருக்கும். அத்தியாயங்கள் சிறியவை, இரவுக்கு ஒன்று போதும். ஆர்வமான இடத்தில் நிறுத்திவிட்டுப் புத்தகத்தைத் தலையணை அருகில் வைத்துவிடுங்கள்.

தானாகப் படிப்பதற்கு, ஒரே பக்கத்தில் தமிழும் ஆங்கிலமும் உள்ள இருமொழிப் புத்தகங்களைத் துலிகா பதிப்பகம் வெளியிடுகிறது. ஆங்கில வரியின் துணையோடு தமிழ் வரிக்குள் நுழைவதில் குறைவு ஒன்றும் இல்லை.

கேள்வி: பேரனுக்கு வாங்கிய ஒரு கதையில் பாத்திரங்கள் 'அப்பால வர்றேன்', 'குந்து' என்று பேசுகின்றன. இதைப் படித்தால் அவன் தமிழ் கெட்டுவிடாதா?
— வாசகர், திருவொற்றியூர்

பதில்: பெரியவரே, உங்கள் அக்கறை புரிகிறது, ஆனால் இதில் உங்களோடு உடன்பட முடியவில்லை. 'அப்பால்' பழந்தமிழ்ச் சொல். 'குந்து' அகராதியில் உள்ள சொல். இவை நம் தெருவில் புழங்குவதாலேயே தாழ்ந்தவை என்று நமக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். தன் வீட்டுப் பேச்சு அச்சில் வருவதை முதன்முறை பார்க்கும் பிள்ளையின் முகத்தை நான் பார்த்திருக்கிறேன். "இது எங்க ஆயா பேசுறது" என்று விரலை வைத்துக் காட்டிய ஒரு சிறுவன், அதுவரை நூலகத்துக்குள் பந்தைத் தேடி மட்டுமே வந்தவன். கதை சொல்லும் வரிகள் பிழையில்லாத எழுத்துத் தமிழில் இருக்கின்றனவா என்று மட்டும் பாருங்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் பேரன் தானாகவே பிடித்துக்கொள்வான்.

கேள்வி: 'தொடுதல்' பற்றிய கதைகளை ஒன்பது வயதில் கொடுக்கலாமா?
— வாசகி, கொருக்குப்பேட்டை

பதில்: கொடுக்கலாம், தனியாகப் படிக்கக் கொடுக்க வேண்டாம். மேலே சொன்ன 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' இந்தப் பொருளைப் பிள்ளையை அச்சுறுத்தாமல் பேசுகிறது. நீங்கள் முன்பே ஒருமுறை படித்துவிட்டு, பிறகு இருவரும் சேர்ந்து வாசியுங்கள். நடுவில் அவள் ஏதாவது சொல்லத் தொடங்கினால், புத்தகத்தை மூடிவிட்டு அவள் பேசுவதைக் கேளுங்கள். குழந்தைகளுக்கான உதவி எண் 1098 என்பதையும் அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: நான் ஏழாம் வகுப்பு. எனக்குப் பேய்க் கதை மட்டும்தான் பிடிக்கும். அம்மா திட்டுகிறார். பேய்க் கதை படிப்பது தப்பா?
— மாணவி, காசிமேடு

பதில்: தப்பே இல்லை, கண்ணு. விக்கிரமாதித்தன் தோளில் வேதாளம் தொங்கிக்கொண்டு கதை சொன்னதைக் கேட்டுத்தான் உன் பாட்டி தலைமுறை வளர்ந்தது. வேதாளம் பயமுறுத்துவதோடு நிற்காமல், கதை முடிந்ததும் ஒரு கேள்வி கேட்கும். அதனால்தான் அது இத்தனை காலம் நிலைத்திருக்கிறது. அதே வேதாளத்தை அறிவியல் பேச வைத்தவர் இரா. நடராசன். அவருடைய 'விஞ்ஞான விக்கிரமாதித்தன் கதைகள்' 2014இல் பால சாகித்திய புரஸ்காரம் பெற்றது, தேடிப் படி. பிடித்திருந்தால், தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1987 முதல் நடத்தும் 'துளிர்' இதழையும் நூலகத்தில் கேட்டுப் பார். உன் தெருவில் வலை பின்னும் தாத்தாக்களிடம் கடலில் பார்த்த பேய்க் கதைகள் இருக்கும். கேட்டு, அவர்கள் சொன்ன சொல்லிலேயே ஒரு நோட்டில் எழுதி வை. அப்படி ஒரு புத்தகத்தை யாராவது கேட்டால் எடுத்துக் கொடுக்க என்னிடம் இல்லை. நீ எழுதினால் உண்டு.

கேள்வி: மாலையில் முப்பது பிள்ளைகளுக்கு இலவசமாகப் பாடம் சொல்லித் தருகிறோம். நன்கொடையாக 2000 ரூபாய் வந்திருக்கிறது. எந்தப் புத்தகங்களை வாங்குவது?
— வாசகர், வியாசர்பாடி

பதில்: தடித்த புத்தகம் ஒன்றுகூட வேண்டாம். பெரும்பகுதியை மெல்லிய படக்கதைகளுக்குச் செலவிடுங்கள், மீதியில் ஆறு முதல் எட்டாம் வகுப்புக்கு நாவல்கள் சிலவற்றை வாங்குங்கள். எல்லோரும் அடித்துப்பிடித்துக் கேட்கும் புத்தகம் எதுவென்று ஒரு மாதத்தில் தெரிந்துவிடும். அதில் இன்னொரு பிரதி வாங்கக் கொஞ்சம் பணத்தைக் கையில் வைத்திருங்கள். ஒரே கதையை இரண்டு பேர் ஒரே நேரத்தில் படித்தால்தான் பேச்சு நடக்கும்.

அலமாரி வாங்கினால் பூட்டு வாங்காதீர்கள். நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் முந்நூறு புத்தகங்கள் கண்ணாடிக்குப் பின்னால் பளபளவென்று இருந்தன, சாவி ஒருவரிடமே இருந்தது, அவர் விடுப்பில் போன நாளெல்லாம் நூலகமும் விடுப்பில் போனது. கிழிந்துவிடும் என்பதுதான் சொல்லப்பட்ட காரணம். பிறகு கயிறு கட்டிக் கிளிப்பில் தொங்கவிட்டோம். அந்த ஆண்டில் நாற்பதுக்கு மேல் கிழிந்தன; அவற்றைப் பிள்ளைகளே பசை போட்டு ஒட்டினார்கள். கண்ணாடிக்குப் பின்னால் இருந்தபோது ஒன்றுகூடக் கிழியவில்லை, ஒன்றையும் யாரும் படிக்கவும் இல்லை.

ஒரு சனிக்கிழமை எல்லோரையும் கடற்கரை நிலையத்திலிருந்து பறக்கும் ரயிலில் கோட்டூர்புரம் அழைத்துச் செல்லுங்கள். அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் சிறுவர் பிரிவில் செயற்கை மரத்தடியில் உட்கார்ந்து படிக்கலாம். அங்கே எந்தப் புத்தகத்தை யார் கீழே வைக்க மறுத்தார்கள் என்று குறித்துக்கொண்டு வாருங்கள். 2000 ரூபாயை அதற்குப் பிறகு செலவழியுங்கள்.