பாலாறு ஓடின அன்னிக்கு வந்த சீரிஸ்

வாசகர் கேள்வி, நம்ம பதில்

போன இதழ்ல சும்மா ஒரு வரி கேட்டு வச்சோம். 'வீல் ஆஃப் டைம்' சீரிஸை 2025 மே மாசம் மூணு சீசனோட நிறுத்திட்டாங்களே, அது முதல் முதல்ல வந்த அன்னிக்கே பார்த்தவங்க யாராச்சும் இருந்தா என்ன தோணிச்சுன்னு எழுதுங்கன்னு. ராபர்ட் ஜோர்டன் ஆரம்பிச்ச 14 புஸ்தக ஃபேன்டசி நாவல், அதை அமேசான் பிரைம் சீரிஸா எடுத்தாங்க, அவ்ளோதான் விஷயம். நம்ம வேலூர் பக்கம் இதுக்கு நாலு பேர் எழுதினா பெரிசுன்னு நெனச்சேன், இங்க ஒரு கட்டே வந்து குந்திகினு இருக்குது. எல்லாத்தையும் போட எடம் இல்ல, கோவிச்சுக்காதீங்க.

கேள்வி: நான் முதல் நாளே பார்த்தேன் சார். அன்னிக்கு பாலாத்துல வெள்ளம், தரைப்பாலம் பக்கம் போகவே விடல, வேலைக்கும் போவல, கரண்டும் இல்ல, போன்ல இருந்த சார்ஜை வச்சு பார்த்தேன். ரெண்டாவது எபிசோடுல அந்தம்மா ஆத்துல படகை முழுகடிக்குதே, அந்த எடத்துல போன் ஆஃப் ஆயிடுச்சு. அப்பால பார்க்கவே இல்ல. உண்மைய சொன்னா முதல் எபிசோடே யாரு யாருன்னு புரியல. புக்கு படிக்காதது என் தப்பா?
(ஒரு வாசகர், விரிஞ்சிபுரம்)

பதில்: அண்ணே, தேதியை கரெக்டா சொல்லிட்டீங்க. 2021 நவம்பர் 19, வெள்ளிக்கிழமை, கார்த்திகை தீபம் வேற. வருஷம் பூரா மணலா கிடக்கிற பாலாறு கரை புரண்டு ஓடிச்சு, அதுவே நமக்கு ஒரு ஃபேன்டசி தான், ஆனா சிரிக்கிற மாதிரி இல்ல, பேரணாம்பட்டுல வீடு இடிஞ்சு ஒன்பது பேர் போனது அன்னிக்கு காலையில தான். அந்த நாள்ல இந்த சீரிஸோட முதல் மூணு எபிசோடும் ஒண்ணா வந்து விழுந்துச்சு.

உங்க தப்பு ஒண்ணும் இல்ல. நம்ம பக்கத்து கூத்தை நெனச்சு பாருங்க. வேஷம் கட்டினவன் நேரா வந்து சண்டை போடுவானா? ரெண்டு பேர் திரையை புடிச்சிகினு நிப்பாங்க, பின்னால சலங்கை சத்தம் மட்டும் கேக்கும், கிரீடம் மேல தெரியும், அவன் திரைக்கு பின்னாடி இருந்தே பாட்டு பாடுவான், அப்புறம் கட்டியக்காரன் போய் நீங்க யாரு எந்த ஊரு எதுக்கு வந்தீங்கன்னு ஒண்ணொண்ணா கேட்டு வாங்குவான். துரியோதனன் யாருன்னு தெரியாத ஆளு அந்த கூத்துக் களரியில ஒருத்தன் கூட இருக்க மாட்டான், இருந்தாலும் கேப்பான். கடைசி வரிசையில தூங்கி எழுந்த கொழந்தைக்கும் புரியணும் இல்ல.

இங்க என்ன ஆச்சு? மந்திரக்காரி மொய்ரெய்ன், அப்புறம் ரேண்ட், பெரின், மேட், எக்வீன், நைனீவ்னு ஒரு மணி நேரத்துக்குள்ள ஆறு பேரை கொண்டாந்து நிறுத்தி, ஊரே விளக்கு ஏத்தி திருவிழா கொண்டாடி, அந்த ராத்திரியே ஆட்டு மூஞ்சி மாட்டு மூஞ்சி வச்ச டிராலோக் கூட்டம் ஊருக்குள்ள பூந்து வெட்டி, விடிஞ்சதும் எல்லாரும் ஊரை விட்டு கிளம்பிட்டாங்க. திரை புடிக்கவே இல்ல. அன்னிக்கு எங்க வீட்ல பாட்டி நைனீவ்ன்ற பேரை கேட்டுட்டு "இன்னாடா, அந்த பொண்ணை போய் நைனான்றாங்க"ன்னு கேட்டாங்க, அதுக்கு மேல நான் எங்க கதைய கவனிச்சேன்.

கேள்வி: நான் 14 வால்யூமும் ரெண்டு தடவை படிச்சவ. முதல் எபிசோடுலயே பெரினுக்கு கல்யாணம் ஆயிட்டதா காட்டினாங்க, புக்ல அப்படி ஒரு மனைவியே கிடையாது. அதோட விட்டாங்களா, சண்டையில அவன் கையாலயே தெரியாம அவ சாகுறா. டிவியை ஆஃப் பண்ணிட்டு ஹாஸ்டல் மொட்டை மாடியில போய் உக்காந்துட்டேன். புக்ல கை வைக்க இவங்க யாரு?
(கல்லூரி மாணவி, காட்பாடி)

பதில்: தங்கச்சி, கோவம் நியாயம், ஆனா கேள்வியை கொஞ்சம் திருப்பி போடணும். கை வைக்கவே கூடாதுன்னா நம்ம ஊர்ல ஒரு திரௌபதி அம்மன் கோயில்ல கூட கூத்து நடக்காது. அரவானை எடுத்துக்கோ. வியாசர் பாரதத்துல அவன் எட்டாம் நாள் போர்ல எல்லாரையும் மாதிரி சண்டை போட்டு செத்து போறான், அவ்ளோதான். நம்ம தமிழ்ல அவனை போருக்கு முன்னாடியே களபலி குடுக்கிறோம். எந்த மூலத்துல இருக்கு அதுன்னு கேட்டா நம்ம ஆளுங்க அடிக்க வருவாங்க. அரவான் தலைக்கு முன்னாடி பொம்பளைங்க ஒப்பாரி வைக்கிறதை நான் சின்ன வயசுல பார்த்துகினு இருந்திருக்கேன், அது நடிப்புன்னு யாரும் சொல்ல முடியாது. அந்த மாத்தம் கதைக்கு ஒரு புது உயிரையே குடுத்துடுச்சு.

பெரின் பொண்டாட்டி விஷயம் அப்படி இல்ல. அவன் சாதுவான ஆளு, தன் பலத்தை நெனச்சு தானே பயப்படுறவன், இதை சொல்லத்தான் அப்படி பண்ணினாங்கன்னு எனக்கு புரியுது. ஆனா அந்த பொண்ணு யாரு, என்ன நெனைக்கிறா, ஏன் மூஞ்சி அப்படி வாட்டமா இருக்குதுன்னு ஒண்ணுமே சொல்லாம, அரை மணி நேரத்துல கொல்றதுக்குன்னே ஒரு ஆளை உண்டு பண்ணினா அது களபலி இல்ல, கோழி அறுக்கிற மாதிரி. அரவானுக்கு ஒரு முழு ராத்திரி குடுக்கிறோம் நம்ம.

இன்னொரு மாத்தமும் பாரு. விரிஞ்சிபுரம் அண்ணன் சொன்ன அந்த படகு. புக்லயும் படகை முழுகடிப்பாங்க, ஆனா படகுக்காரன் சாக மாட்டான். சீரிஸ்ல சுழல்ல மாட்டி அந்த ஆளு செத்து போறான், மொய்ரெய்ன் நிறுத்தாம நின்னு பாக்குறா. இவ நல்லவளா கெட்டவளான்னு வயித்துல ஒரு பயம் வந்துச்சு எனக்கு. இதுவும் புக்ல இல்லாதது தான், இதுக்கு நீ மொட்டை மாடிக்கு போகலையே. அப்போ உன் சண்டை மாத்தினதோட இல்ல, அவசரத்தோட. முதல் புக்கு ஏறக்குறைய 800 பக்கம், முதல் சீசன் எட்டே எபிசோடு, கணக்கு போட்டா எபிசோடுக்கு 100 பக்கம். நம்ம ஆளுங்க 'பகடை துகில்' கூத்து ஒண்ணுக்கே பத்து மணிக்கு ஆரம்பிச்சு விடிய விடிய ஆடுறாங்க. உன்னை மாதிரி படிச்சவங்க மாத்திட்டாங்கன்னு கத்தினாங்க, படிக்காதவங்க புரியலன்னாங்க, எனக்கு என்னமோ ரெண்டும் ஒரே புகார் மாதிரி தான் படுது.

கேள்வி: டிராகன் டிராகன்னு பேசிகினே இருந்தாங்க, எட்டு எபிசோடும் பார்த்துட்டேன், டிராகன் எங்க?
(ராணிப்பேட்டையில் இருந்து ஒருத்தர்)

பதில்: வராது. அது ஒரு ஆளோட பட்டப்பேரு. நம்ம ஊர்ல ஒருத்தருக்கு சிங்கம்னு பேர் வச்சா வால் இருக்கான்னு தேடுவீங்களா.

கேள்வி: இந்த மாதிரி பெரிய நாவல்களை டிவியில் எடுத்தபோது முதல் நாள் வரவேற்பு எப்படி இருந்தது? எல்லாவற்றையும் இப்படித்தான் திட்டினார்களா? ஓய்வு பெற்ற ஆசிரியன் கேட்கிறேன்.
(ஆற்காடு)

பதில்: ஐயா, முதல் நாளை வச்சு தீர்ப்பு எழுத முடியாதுன்றதுக்கு 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தான் சாட்சி. 2011 ஏப்ரல் 17 ராத்திரி அமெரிக்காவுல முதல் ஒளிபரப்பை பார்த்தவங்க சுமார் 22 லட்சம் பேர் தான். அதுவும் முதல்ல எடுத்த பைலட், அதான் மாதிரி எபிசோடு, சரியா வரலன்னு ரெண்டு முக்கியமான நடிகைங்களை மாத்தி, பெரும்பகுதியை திரும்ப எடுத்து அப்புறமா தான் காட்டினாங்க. எட்டு வருஷம் கழிச்சு 2019ல கடைசி எபிசோடுக்கு அதே ராத்திரியில மறு ஒளிபரப்பும் ஸ்ட்ரீமிங்கும் சேர்த்து 1 கோடியே 93 லட்சம் பேர். அத்தனை பேரும் உக்காந்து திட்டினதும் அந்த கடைசி எபிசோடை தான், அது வேற கதை.

2022 செப்டம்பர்ல 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' முன்கதையா அமேசான் எடுத்த 'ரிங்ஸ் ஆஃப் பவர்' வந்தப்போ முதல் நாள்லயே உலகம் பூரா இரண்டரை கோடி பேர் பார்த்தாங்கன்னு அமேசானே சொல்லிச்சு. ஆனா ரசிகருங்க போடுற விமர்சனத்தை உடனே காட்டாம 72 மணி நேரம் நிறுத்தி வச்சாங்க, பார்க்காமலே திட்டுறவங்க தொல்லை தாங்காம. கூத்துல அந்த வசதி கிடையாது ஐயா, புடிக்கலன்னா அங்கயே எழுந்து "ஏய் போதும் எறங்கு"ன்னு கத்துவாங்க.

நீங்க கேட்டதால இன்னொண்ணும் சொல்றேன், எனக்கு ரொம்ப புடிச்சது இது. 'வீல் ஆஃப் டைம்' டிவியில வந்தது 2021ல இல்ல, அதுக்கு ஆறு வருஷம் முன்னாடியே ஒரு தடவை வந்துச்சு. 2015 பிப்ரவரியில ஒரு ராத்திரி ஒன்றரை மணிக்கு, எந்த விளம்பரமும் இல்லாம, அமெரிக்க கேபிள் சேனல் ஒண்ணுல அரை மணி நேரம் ஓட்டினாங்க. முதல் புக்கோட முன்கதையை மட்டும் எடுத்திருந்தாங்க. வாங்கி வச்சிருந்த உரிமை காலாவதி ஆகிற நேரம் அது, கையை விட்டு போகாம இருக்கத்தான் இப்படின்னு பேச்சு. ஜோர்டன் அதுக்குள்ள 2007லயே காலமாகிட்டாரு, அவர் மனைவி எனக்கு ஒரு வார்த்தை கூட சொல்லலன்னு அறிக்கையே விட்டாங்க. ஆள் இல்லாத களரியில நடுராத்திரி ஒரு வேஷம் தனியா ஆடிட்டு போன மாதிரி.

கேள்வி: எங்கம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. தமிழ் டப்பிங் போட்டு விட்டேன். எனக்கே பேரு நிக்கல, ஆனா அம்மா எட்டு எபிசோடும் ஒரு சந்தேகம் கேக்காம பார்த்தாங்க. எப்படி?
(இல்லத்தரசி, குடியாத்தம்)

பதில்: உங்க லெட்டர்லயே பதில் இருக்குதும்மா, மத்தவங்களுக்காக எடுத்து போடுறேன். மொய்ரெய்னுக்கு உங்கம்மா "நீல சேலைக்காரி"ன்னு பேர் வச்சிட்டாங்களாம், முதல் காட்சியில ஆம்பளையை துரத்தி புடிக்கிற கூட்டத்துக்கு "செவப்பு சேலைக்காரிங்க", இவங்க அவங்களுக்கு ஆவாதுன்னு தானா முடிவு பண்ணிட்டாங்க. அதுதான் கதையே. அந்த மந்திரக்கார பொம்பளைங்க ஏழு பிரிவு, ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு கலரு. துரியோதனன்னா செவப்பு, கிருஷ்ணன்னா பச்சைன்னு அரிதாரத்தை பார்த்தே ஆளை சொல்ற ஊர்ல வளர்ந்தவங்க, அவங்களுக்கு எதுக்கு பேரு? நீங்களும் நானும் சப்டைட்டில்ல எழுத்து கூட்டிகினு இருந்தோம். அம்மாவை கேட்டதா சொல்லுங்க.

கேள்வி: பாதியில நிறுத்தினதை இப்ப போய் ஆரம்பிக்கலாமா, வேணாமா? ஜல்தி சொல்லுங்க, ஆஃபர்ல சந்தா போடணும்.
(சத்துவாச்சாரி)

பதில்: போடுங்க. மூணு சீசன், சீசனுக்கு எட்டு, மொத்தம் 24 எபிசோடு. முதல் சீசன் தடுமாறும், கொரோனா நேரத்துல எடுத்தது, நடுவுல மேட்ன்ற வேஷத்துல நடிச்சவர் வேற போயிட்டாரு, ரெண்டாவது சீசன்ல புது மூஞ்சி. மூணாவது சீசன் நாலாவது புக்கை ஒட்டி வருது, அதுல நின்னு நிதானமா சொல்லியிருக்காங்க, நான் ரசிச்சு பார்த்தேன், சரியா அந்த எடத்துல கடையை மூடிட்டாங்க. மீதிக்கு புக்கு இருக்குது. ஜோர்டன் விட்டுட்டு போனதை பிராண்டன் சாண்டர்சன் மூணு வால்யூமா எழுதி 2013ல முடிச்சிட்டாரு, அதனால முடிவு தெரியாம போயிடுமோன்ற பயம் இல்ல. காட்பாடி தங்கச்சி மூணாவது ரவுண்டு ஆரம்பிக்க போறதா எழுதியிருக்கு, கேட்டா குடுக்கும்.

விரிஞ்சிபுரம் அண்ணனுக்கு ஒண்ணு விட்டு போச்சு. அந்த படகு முழுகினதுக்கு அப்புறம் அவங்க ஒரு பாழடைஞ்ச ஊருக்குள்ள போய் மாட்டுவாங்க, அந்த ஊர்ல ஒரு பொருளையும் தொடக்கூடாதுன்னு சொல்லியும் ஒருத்தன் ஒண்ணை எடுத்து இடுப்புல சொருகிடுவான். அங்க இருந்து போடுங்கண்ணே. போனை ஃபுல்லா சார்ஜ் போட்டுட்டு உக்காருங்க.