பழைய லேப்டாப்பில் வீடியோ திக்குகிறதா? வைஃபை கேள்வி பதில்

கேள்வி: புதிதாக வைஃபை 6 ரூட்டர் மாட்டியாச்சு சார். பழைய லேப்டாப்பில் மட்டும் வீடியோ இன்னும் நின்று நின்றுதான் ஓடுகிறது. ரூட்டரை மாற்றித் தரச் சொல்லலாமா?

பதில்: வேண்டாம், ரூட்டர் மேல் தப்பிருக்காது. இரண்டு முனையில் எது பழசோ, அதன் வேகம்தான் கிடைக்கும். டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் அடாப்டர்ஸைத் திறந்து வைஃபை கார்டின் பெயரைப் பாருங்கள். 'டூயல் பேண்ட்' (இரண்டு அலைவரிசையிலும் இயங்கும்) அல்லது 'ஏசி' (AC) என்றிருந்தால் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இணையுங்கள். வெறும் 'என்' (N) என்றால் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான், பக்கத்து வீட்டு ரூட்டர், புளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் முட்டி மோதும் அலைவரிசை அது.

கேள்வி: அப்படியென்றால் உள்ளே இருக்கும் கார்டை மாற்றட்டுமா, யூஎஸ்பி அடாப்டர் போதுமா?

பதில்: அடாப்டரே போதும். சில பழைய லேப்டாப்புகளின் பயாஸ் (லேப்டாப்பை முதலில் கிளப்பிவிடும் உள் மென்பொருள்) தனக்குத் தெரியாத கார்டைப் பார்த்தால் பூட் ஆகவே மறுக்கும். அந்தத் தலைவலி எதற்கு? டூயல் பேண்ட் அடாப்டராகப் பார்த்து வாங்குங்கள். யூஎஸ்பி 2.0 போர்ட் என்றாலும் கவலை வேண்டாம். 1080பி வீடியோவுக்கு நெட்ஃபிளிக்ஸ் கேட்பதே 5 எம்பிபிஎஸ்தான்.

கேள்வி: ஸ்பீடு டெஸ்டில் 40 எம்பிபிஎஸ் வருகிறது. ஆனாலும் யூடியூபில் 1080பி வைத்தால் படம் வெட்டி வெட்டி ஓடுகிறது, ஃபேன் வேறு இரைகிறது. இன்னும் நல்ல ரூட்டர் வாங்கணுமா அண்ணா?

பதில்: தயவுசெய்து வாங்காதீர்கள். ஃபேன் இரைகிறது என்றாலே பிராசஸர் திணறுகிறது என்று சந்தேகப்பட வேண்டும். உறுதி செய்ய ஒரு வழி இருக்கிறது. ஓடும் வீடியோ மேல் ரைட் கிளிக் செய்து 'ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்' போடுங்கள். 'பஃபர் ஹெல்த்' (முன்கூட்டியே வந்து சேர்ந்த வீடியோ) பல வினாடிகள் காட்டியும், 'ஃபிரேம்ஸ்' வரியில் 'டிராப்டு' (காட்டாமல் விடுபட்ட படங்கள்) எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால், டேட்டா வந்து சேர்ந்துவிட்டது, சுருக்கி அனுப்பிய அதை லேப்டாப்பால்தான் விரிக்க முடியவில்லை.

அப்புறம் 'கோடெக்ஸ்' வரியைப் பாருங்கள், வீடியோவை எந்த முறையில் சுருக்கியிருக்கிறார்கள் என்று அது சொல்லும். விபி9, ஏவி1 என்ற புதிய முறைகள் இரண்டும் டேட்டாவை மிச்சப்படுத்தும், ஆனால் விரிப்பதற்குச் சிப்பில் தனி வசதி வேண்டும். இன்டெலில் விபி9-க்கு அது முழுமையாக வந்தது 7-ஆம் தலைமுறையில், ஏவி1-க்கு 11-ஆம் தலைமுறையில். அதற்கு முந்தைய லேப்டாப்புக்கு எச்.264 என்ற பழைய முறைதான் சுலபம். பிரவுசரில் 'எச்264ஐஃபை' போன்ற ஒரு எக்ஸ்டென்ஷனைப் போட்டால் யூடியூப் அந்த வகையையே அனுப்பும். இலவசம்தான். நல்ல லேப்டாப்புகளை இந்த ஒரு காரணத்துக்காக ஒதுக்கிவிடுகிறார்கள், எனக்கு மனசே கேட்பதில்லை.

கேள்வி: புது ரூட்டரின் பெயர் தெரிகிறது, லேப்டாப் கனெக்ட் ஆக மாட்டேன் என்கிறது.

பதில்: ரூட்டர் செட்டிங்கில் வைஃபை பாதுகாப்பு முறை, பழைய லேப்டாப்புக்குத் தெரியாத டபிள்யூபிஏ3 மட்டும் என்றிருக்கலாம். பழைய டபிள்யூபிஏ2-வும் சேர்ந்த 'மிக்ஸட்' முறைக்கு மாற்றிப் பாருங்கள்.

கேள்வி: கடைசி அறையில் சிக்னல் இல்லை. ரிப்பீட்டர் வைக்கலாமா?

பதில்: ஒரே அலைவரிசையில் வாங்கி, அதிலேயே திருப்பி அனுப்பும் ரிப்பீட்டரில் வேகம் பாதியாகும். கேபிள் இழுக்க முடிந்தால் இழுத்துவிடுங்கள். பழைய லேப்டாப்பின் 100 எம்பிபிஎஸ் லேன் போர்ட்டே வீடியோவுக்குத் தாராளம்.